தராசு இல்லாத சந்தை

பண்டிகை நெருங்கினால் போதும். ஏடுகளிலே ஒருவகை எழுத்து தலைதூக்கிவிடும். பழங்காலச் சிற்றூர்ச் சந்தையைப் பற்றிய புகழுரை அது. கட்டுரையாக வரும், சிறுகதையாக வரும், கவிதையாகவும் வரும். உள்ளடக்கம் ஒன்றுதான். மாட்டு வண்டிகள் வரிசை வரிசையாக வருகின்றன. கழுத்து மணிகள் குலுங்குகின்றன. உழவன் மூட்டையை இறக்குகிறான், பணத்தை மடியில் முடிகிறான், துணிக்கடைக்குள் நுழைகிறான். மனைவிக்குச் சேலை, மகளுக்குச் சிற்றாடை, மகனுக்கு மத்தாப்பு, தாய்க்கு ஒரு கவுளி வெற்றிலை. கடைக்காரர் முகம் மலர்கிறார். கணக்குப் பாராமல் பொட்டலம் கட்டுகிறார். அந்தி மயங்கும் வேளையில் வண்டி ஊர் திரும்புகிறது. எழுதியவர் பெருமூச்சு விடுகிறார், அந்த நாள் இனி வருமா என்று.

படித்தவர் கண் பனிக்கிறது. பனித்த கண்ணுக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரியும். ஆகவே துடைத்துக்கொண்டு மீண்டும் ஒரு முறை படிப்போம்.

இந்த எழுத்திலே மணி இருக்கிறது, மணம் இருக்கிறது, மாலைப் பொழுது இருக்கிறது. தராசு மட்டும் இல்லை. மூட்டை என்ன எடை? என்ன விலைக்குப் போயிற்று? நிறுத்தவன் யார்? நிறுத்தபின் கழித்தது எவ்வளவு? கடைக்காரர் பாராத அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் எந்த வட்டிக்கு ஏறிற்று? இவற்றுள் ஒன்றுக்கும் விடை இல்லை. கேட்க வேண்டும் என்ற நினைவும் இல்லை.

இப்படி எழுதுவோர் பகைவர்களல்லர். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் இளைஞர்கள் பலர் எழுதுகின்றனர். அவர்களுடைய பாட்டனும் பூட்டனும் செங்கற்பட்டிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் தென்னாற்காட்டிலிருந்தும் பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்கள். ஆலைச் சங்கின் ஓசையிலே வளர்ந்த பேரன், தான் காணாத ஏர்முனையைக் கனவிலே காண்கிறான். கனவு காண்பது குற்றமன்று. ஆனால், சந்தை அத்தனை இன்பமாக இருந்திருந்தால் பாட்டன் ஏன் ஊரைவிட்டு வந்தான்? இந்த ஒரு கேள்வியை எழுதுகோல் கேட்கத் தவறினால், எழுதியது இலக்கியமாகாது. பண்டிகை நாட்காட்டியில் அச்சடித்த படமாகிவிடும்.

நம் பழந்தமிழ்ப் புலவர்கள் சந்தையைப் பாடாதவர்களா? மதுரைக் காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைக் காட்டுகிறது. மூட்டைகளின்மீது புலி முத்திரை பொறித்துச் சுங்கம் கொள்வோரையும் காட்டுகிறது. கண்ணைக் கவரும் வண்ணத்துக்கு அங்கே குறைவில்லை. ஆயினும், அந்தப் பட்டினப்பாலையே வணிகரைப் போற்றும்போது எதைச் சொல்லிப் போற்றுகிறது? வாங்கும்போது அதிகம் பறியாமலும், விற்கும்போது அளவைச் சுருக்காமலும், நடுவு நின்றார் என்பதைச் சொல்லி. வள்ளுவரும் வாணிகத்தை நடுவுநிலைமை அதிகாரத்திலேதான் வைத்தார். உப்பு வண்டியோடு ஊர் ஊராகச் சென்ற உமணரைப் பாடிய புலவர், உப்பு எந்த விகிதத்தில் நெல்லுக்கு மாற்றப்பட்டது என்பதையும் மறவாமல் சொன்னார். ஆக, சந்தையைப் பாடுகிறவன் அளவையும் பாடவேண்டும் என்பது நம் மரபு. இன்றைய சந்தைப் புகழ்ச்சி பழமையைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, பழமையின் சிறந்த பாடத்தையே கைவிட்டுவிட்டது.

அந்தத் தராசை நாம் எடுத்து வைப்போம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி. தமிழ்நாட்டின் ஒரு சந்தையூர். நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் காலக் கணக்கு. தை, மாசியிலே சம்பா நெல் களத்துக்கு வருகிறது. அதே வேளையிலே அரசாங்கத்தின் நிலவரித் தவணை, அதாவது கிஸ்தி, கதவைத் தட்டுகிறது. எல்லோரிடத்திலும் நெல் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பணம் வேண்டும். ஆகவே எல்லோரும் ஒரே சமயத்தில் விற்கிறார்கள். எல்லோரும் விற்கும்போது விலை இறங்கும். இதற்குப் பெரிய பொருளாதாரப் படிப்பு தேவையில்லை. வைத்திருந்து விற்க வசதி உள்ளவன் வணிகன். ஆடி, ஆவணியிலே விலை ஏறியபின் அதே நெல்லை அவன் விற்பான். பல சமயம் வாங்குகிறவன், தையில் அதை விளைவித்து விற்ற அதே உழவன்.

தீபாவளி எப்போது வருகிறது? ஐப்பசியில். அப்போது ஏரிப் பாசன வயலிலே சம்பா பயிராக நிற்கிறது. மானாவாரிக் கொல்லையிலே மணிலா என்னும் வேர்க்கடலை மண்ணுக்குள்ளே இருக்கிறது. காவிரிப் படுகையிலே குறுவை அறுத்தவனிடம் நாலு காசு புழங்கலாம். மற்றவன் மடியில் காற்றுத்தான். தீபாவளியின் கதையைப் பற்றி இங்கே வழக்காட நாம் வரவில்லை. அதற்கு வேறு மேடை உண்டு. நாம் சுட்டுவது அது வரும் காலத்தை. கையிலே காசில்லாத மாதத்தில், புதுத்துணி இல்லாவிட்டால் மானம் போயிற்று என்று ஊரே சொல்லும் ஒரு பண்டிகை. வேறு வழி என்ன? கடன்தான்.

எனவேதான் கடைக்காரர் கணக்குப் பாராமல் பொட்டலம் கட்டினார். அந்தத் தாராளத்தின் கணக்கை அவர் ஐப்பசியில் பார்க்கவில்லை, தையில் பார்த்தார். துணிக்கு ஈடு வயலிலே நின்றது. தென்னாற்காட்டின் மணிலா நாட்டிலே, அறுவடைக்கு முன்பே முன்பணம் கொடுத்து விளைச்சலைப் பிடித்துவைப்பது வணிகத்தின் வழக்கமான வழியாயிற்று. முன்பணம் வாங்கியவன் வேறொருவனிடம் விலை கேட்க முடியாது. அவனுக்குச் சந்தை என்பது பல கடைகள் உள்ள இடமல்ல, ஒரே கடை. மணியாட்டிக்கொண்டு வண்டி வந்தது உண்மை. எந்தக் கடை வாசலில் நிற்க வேண்டும் என்பது வண்டி கட்டுமுன்பே முடிவாகியிருந்தது என்பதும் உண்மை.

வந்தபின் நடந்தது என்ன? ஊருக்கு ஒரு படி, வட்டத்துக்கு ஒரு மரக்கால். வாங்க ஒன்று, விற்க ஒன்று வைத்திருந்த கைகாரரும் உண்டு. தரகு என்று ஒரு கழிவு. தூசு தும்பு என்று ஒரு கழிவு. மாதிரி பார்க்க அள்ளியது ஒரு பிடி. கோயில் பேரால் ஒரு பிடி. மாட்டுத் தாவணியிலோ, விற்பவனும் வாங்குபவனும் துண்டின் மறைவிலே விரல்களைப் பிடித்து விலை பேசுவர். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. இன்று இதையும் ஓர் அழகிய பழங்கலை என்று எழுதுகிறார்கள். விலையை மறைக்கும் கலை யாருக்கு உதவும்? பத்துச் சந்தை பார்த்தவனுக்கு உதவும்; ஆண்டுக்கு ஒரு மாடு விற்கிறவனுக்கா உதவும்?

இவை யாவும் நம் கற்பனை என்று எவரேனும் சொல்வாரானால், ஏடுகள் இருக்கின்றன. 1895-இல் பிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்து ஊர்ப்புறக் கடனை ஏறத்தாழ 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். 1930-இல் மாகாண வங்கி விசாரணைக் குழு அதை ஏறத்தாழ 150 கோடி என்றது. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை 200 கோடிக்கு மேல் என்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் நிலவரம் 1918-இல் நூலாக வந்தது. அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்த நூல் 1940-இல் வந்தது. எவனிடம் எத்தனை ஏக்கர், என்ன கூலி, எவ்வளவு கடன் என்று மாணவர்கள் எழுதிவைத்தார்கள். அந்த மாணவர்களுக்கு அன்று இருபது வயதுக்குமேல் பெரிதாக இருந்திராது. நம் இளைஞர்களுக்கு அது ஒரு முன்மாதிரி. தன் ஊரைப் பற்றி எழுத உட்காருகிறவன் முதலில் தன் ஊரைக் கேட்கவேண்டும்.

கடனின் கொடுமை அறியாத காலமுமன்று அது. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், நம் வடசென்னைக்கு எட்டும் தொலைவிலே, திருவள்ளூர் வட்டத்துத் திரூரிலே, சென்னை மாகாணத்தின் முதல் ஊர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிற்று. நல்ல மருந்துதான். நோய் மலையளவு இருந்தபோது மருந்து மணியளவு இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கடன் என்ன ஆயிற்று என்பதை மேலே சொன்ன எண்களே பேசும்.

இனி, சந்தையின் மறுமுனைக்கு வருவோம். அது எங்கே இருக்கிறது? நம் தெருவிலே இருக்கிறது.

சிற்றூர்ச் சந்தையைத் தனித் தீவாக எழுதுகிறார்கள். அது தீவாக இருந்ததே இல்லை. 1806-இலேயே சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டப்பட்டது. பின்னர் வடக்கே ஆந்திரக் கரை வரை நீண்டு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற அந்த நீர்வழியிலே நெல்லும் விறகும் உப்பும் படகேறி நகருக்கு வந்தன. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடிற்று. அந்த இருப்புப் பாதை யாருக்கு? உழவனின் பருத்தியும் மணிலாவும் துறைமுகத்துக்கு வர ஒரு தண்டவாளம். இலங்காசயர் ஆலைத் துணி உழவன் வீட்டுக்குப் போக ஒரு தண்டவாளம். முதல் உலகப் போருக்கு முன்பு அந்த ஆலைகளுக்கு உலகிலேயே பெரிய சந்தை இந்தியாதான். பண்டிகைக்கு உழவன் எடுத்த வேட்டியின் விலையில், நம் நெசவாளியின் கூலி எவ்வளவு, கடல் கடந்து போனது எவ்வளவு என்று கேளுங்கள். சந்தையின் அழகிலே மயங்கியவர்கள் அந்தத் துணி நெய்யப்பட்ட ஊரை விசாரித்ததில்லை.

உப்பும் அப்படித்தான். எண்ணூரை அடுத்த அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அளத்திலே விளைந்த உப்பு, அரசாங்கத்தின் வரியைச் சுமந்துகொண்டுதான் சந்தைக்குப் போயிற்று. அந்த வரி ஒழிந்தது 1947-இல். உமணர் பாட்டிலே இல்லாத ஒரு சுமை அது.

மறுமுனை இற்றுவிட்டால் இம்முனை என்னவாகும் என்பதற்கு 1914 சான்று. தென்னாற்காட்டு மணிலாவில் பெரும்பங்கு பிரான்சு நாட்டு மார்சேய் துறைமுகத்துக்குப் போய், எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறிக்கொண்டிருந்தது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டது, வாணிகம் குலைந்தது, விலை சரிந்தது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. நகரமக்கள் அஞ்சி ஓடிய கதையை எல்லோரும் சொல்வர். எம்டன் என்ற சொல்லே நம் பேச்சு வழக்கில் நிலைத்துவிட்டது. ஆனால், ஒரு மாதத்துக்குள் வந்த அவ்வாண்டுத் தீபாவளிக்கு, விலைபோகாத மணிலாவை நம்பி முன்பணம் வாங்கியிருந்தவன் வீட்டில் என்ன நடந்தது என்பதை எந்தக் கதை சொல்லிற்று? மார்சேய் எங்கே இருக்கிறது என்றே அறியாதவன் அவன். அவன் அடுப்பு எரிவதும் அணைவதும் மார்சேயின் கையில் இருந்தது.

1918-ஐப் பாருங்கள். கப்பல்கள் போருக்குப் போய்விட்டன, பர்மா அரிசி வரத்துக் குறைந்தது, மழையும் பொய்த்தது. அரிசி விலை ஏறிற்று. துணி விலையும் ஏறிற்று. அவ்வாண்டு ஏப்ரலில்தான் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்திருந்தது. செப்டம்பரில் சென்னை நகரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. தானியக் கடை மட்டுமா? துணிக்கடையும்தான். வயிற்றுக்குரியதும் மானத்துக்குரியதும் ஒரே நாளில் எட்டாப் பொருளானபோது, நகரத்து ஏழை இரண்டையும் நோக்கிக் கை நீட்டினான். காவலரும் படையினரும் வந்தனர். அந்த மாதத்தின் சந்தையை எழுதாமல், அந்தக் காலத்தின் சந்தையை எழுதிவிட்டதாக எவரும் சொல்லிக்கொள்ள முடியாது.

பிறகு 1930-களின் பெருமந்தம். நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. விலை விழுந்த அளவுக்கு வரி விழுந்ததா? இல்லை. கடனாவது விழுந்ததா? அதுவும் இல்லை. நேற்று ஒரு மூட்டைக்குச் சமமாயிருந்த வட்டி, இன்று இரண்டு மூட்டைக்குச் சமமாயிற்று. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டபின், இந்நாட்டுப் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்த தங்கம் உருகிக் கப்பலேறிற்று. முந்தைய பண்டிகைகளில் வாங்கிய கம்மலும் காப்பும், அடுத்த பண்டிகைகளில் அடகுக் கடை வழியாகத் துறைமுகத்துக்கு வந்தன. நகை வாங்கிய காட்சியை எழுதும் கை, நகை போன காட்சியை எழுதக் கூசுவானேன்?

இனி, யார் வாங்கினார்கள் என்று கேட்போம். சந்தைப் புகழ்ச்சியில் வரும் உழவனுக்கு எப்போதும் சொந்த வண்டி இருக்கும். சொந்த நிலம் இருக்கும். வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தவன் யார்? மூட்டையை ஏற்றி இறக்கியவன் யார்? பண்ணையாள். அவனுக்குக் கூலி நெல்லாக வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பண்டிகைக்கு வேட்டியும் சேலையும் ஆண்டை வீட்டிலிருந்து வந்தன. அதை ஈகை என்று எழுதியவர் உண்டு. ஆண்டு முழுதும் உழைத்தவனுக்குத் தரவேண்டிய கூலியிலே ஒரு முழத்தைக் கிழித்துவைத்து, பண்டிகையன்று கும்பிடு வாங்கிக்கொண்டு கொடுத்தால், அதற்குப் பெயர் ஈகையா?

காசு சேர்த்து அவனே வாங்கினால் உடுக்கலாமா? 1930 டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியிலே, ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது, பூச்சூடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் தாக்கப்பட்டன. மறு ஆண்டு தடைகள் பதினொன்றாயின. கடையில் துணி இருந்தது. கையில் காசும் இருந்திருக்கலாம். உடம்பில் உடுக்க உரிமை இல்லை. சட்டையும் செருப்பும் சேலையும் வெறும் சரக்கல்ல, சமத்துவத்தின் அடையாளம் என்பதை, எழுதுகின்ற நம்மைவிட, எரிகின்ற குடிசையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நன்றாக அறிவார்கள்.

இத்தனையும் சொன்னபின், சந்தையே தீமை என்று தீர்ப்புக் கூறினால் நாமும் தராசைச் சாய்த்தவராவோம். மறுதட்டையும் பார்க்கவேண்டும்.

சந்தை ஊரைவிடப் பெரிது. ஊரிலே ஒருவனுக்கு ஒரே பெயர், ஒரே தெரு, ஒரே தொழில். சந்தையிலே அவன் பத்து ஊர்க்காரனைக் கண்டான், பத்துச் செய்தி கேட்டான். கூடை சுமந்து வந்த பெண்ணுக்குத் தன் கையால் தொட்டு எண்ணும் காசு அங்கேதான் கிடைத்தது. இன்றும் காசிமேட்டுக் கரையில் ஏலம் கூறி மீன் எடுத்து, கூடையைச் சுமந்து தெருத்தெருவாய் விற்கும் பெண்களைப் பாருங்கள். விலை பேசும் அந்த நாவின் கூர்மை, அடங்கிக் கிடந்த அடுக்களையில் தீட்டப்பட்டதன்று.

வாணிகம் சாதிச் சுவரில் ஓட்டை போட்டதுண்டு என்பதற்கு விருதுநகர் சான்று. விருதுபட்டி என்று வழங்கி, 1923-இல் பெயர் மாறிய அவ்வூர், பருத்தியாலும் மிளகாயாலும் எண்ணெயாலும் வளர்ந்த சந்தையூர். அங்கு வாணிகம் செய்த நாடார் சமுதாயத்தார்க்குக் கோயில் வாயில் அடைபட்டிருந்தது. கமுதிக் கோயில் வழக்கிலே 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தார்கள்; மகமைப் பணத்தில் பள்ளி நடத்தினார்கள். கோயில் கதவு மூடியிருந்தபோது பள்ளிக் கதவைத் திறந்தார்கள். அவ்வூரின் சத்திரிய வித்தியாசாலையில் படித்த, துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு சிறுவன்தான் பின்னாளில் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்த காமராசர். 1931-இல் சுயமரியாதை மாநாடு கூடியதும் அவ்வூரில்தான். 1956-இல் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரிச் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கியதும் அவ்வூரில்தான்.

இது பெருமை. மறுக்கவில்லை. ஆயினும் திறனாய்வாளன் இன்னொரு கேள்வியும் கேட்பான்: மூட்டைக்கு மூட்டை பிடித்த அந்த மகமையை இறுதியில் கொடுத்தவர் யார்? வணிகர் கையிலிருந்து போன காசில் ஒரு பகுதி, உழவன் பெற்ற விலையில் குறைந்த காசாகவே இருந்திருக்கும். பள்ளிச் சுவரிலே வள்ளல்களின் பெயர் உண்டு. பெயரில்லாத அந்த வள்ளலுக்கும் ஒரு கல் வைக்கலாம்.

இப்போது, மாற்றம் எவ்வாறு வந்தது என்று பார்ப்போம். சந்தையைப் பார்த்து உருகியதால் வந்ததா? தராசைச் சோதித்ததால் வந்தது. 1933-இல் வாணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம். அதன்படி 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை. 1938-இல் உழவர் கடன் நிவாரணச் சட்டம். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1956-இல் எடையளவுச் சட்டம். 1960-களின் தொடக்கத்துக்குள் ஊருக்கு ஒரு படி ஒழிந்து நாட்டுக்கு ஒரு கிலோ வந்தது. 1965-இல் போனஸ் சட்டம். 1999 நவம்பர் 14-இல் மதுரையில் கலைஞர் தொடங்கிய உழவர் சந்தை, தரகன் இல்லாத இடத்தில் உழவனையும் வாங்குவோனையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஒவ்வொன்றிலும் குறை உண்டு, ஓட்டை உண்டு. ஆயினும் திசை தெளிவு. மறைவில் இருந்த விலை வெளிச்சத்துக்கு வந்தது. கும்பிட்டு வாங்கியது கேட்டு வாங்குவதாயிற்று.

வடசென்னைத் தோழர்கள் இதிலே போனஸ் சட்டத்தை உற்று நோக்கவேண்டும். முதலாளி மனம் குளிர்ந்து தரும் பண்டிகைப் பணம் என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது. தொழிற்சங்கங்கள் வழக்காடின, வேலைநிறுத்தம் செய்தன. அது சட்டம் தரும் உரிமையாயிற்று. குறைந்த அளவு 8.33 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். ஆண்டை வீட்டுத் திண்ணையில் நீட்டிய வேட்டிக்கும், ஆலை வாயிலில் கையொப்பமிட்டு வாங்கும் போனசுக்கும் இடையே உள்ள தொலைவுதான், பாட்டன் ஊரைவிட்டு வந்து பேரன் பெற்றது. ஆனால், அதே ஆலைக்குள் ஒப்பந்தக்காரர் வழியாக வந்து அதே வேலை செய்யும் பலருக்கு, அந்த உரிமை இன்னும் போராடிப் பெறவேண்டியதாகவே இருக்கிறது. பண்ணையாள் என்ற சொல் மறைந்தது. நிலை முழுதும் மறையவில்லை.

பழைய பேரேடும் மறைந்துவிடவில்லை. புது அட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். தோளோடு தோள் உரசும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் மடியில் சொந்தப் பணம்? தவணை எவ்வளவு, தண்டல் எவ்வளவு, கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் கிடைத்த கடன் எவ்வளவு? வாரந்தோறும் வாயைக் கட்டிக் கட்டிய தீபாவளிச் சீட்டு, பண்டிகைக்கு முந்தின வாரம் பூட்டிய கதவாகிப் போன கண்ணீர்க் கதைகளை ஆண்டுதோறும் கேட்கிறோம். ஏமாற்றியவன்மீது வழக்கு வரும், வரட்டும். ஆனால், புதுத்துணி இல்லாவிட்டால் மானமில்லை என்று அந்தத் தாயை நம்பவைத்தது எது என்பதை யார் விசாரிப்பது?

அரசாங்கத்தின் மொழியையும் விசாரிக்கத்தான் வேண்டும். 1983 முதல் பொங்கலையொட்டி ஏழைகளுக்கு வேட்டி சேலை வழங்கப்பட்டு வருகிறது. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேலை கொடுக்கும் நல்ல திட்டம். ஆனால் பொங்கல் பொருள்களுக்குப் பரிசு என்ற பெயர் எதற்கு? பரிசு கொடுப்பவன் ஒருவன் இருந்தால் வணங்கி வாங்குபவன் ஒருவன் இருக்கவேண்டியிருக்கிறது. மக்கள் கட்டிய வரி மக்களிடம் திரும்பி வரும்போது, ஆண்டை வீட்டுத் திண்ணையின் சொல் அதனோடு ஒட்டிக்கொண்டு வரலாமா? பொங்கல் உழைத்தவன் விளைவைக் கொண்டாடும் நாள். கைக்கு விளைச்சல் வந்தபின் வரும் நாள். கடன் வாங்காமல் கொண்டாடக்கூடிய பண்டிகை என்ற ஒரு சிறப்பே அதற்குப் போதும்.

எழுதும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். சந்தையைப் பற்றி எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை. முழுவதும் எழுதுங்கள் என்கிறோம். வீட்டிலே பாட்டி இருந்தால், எந்த ஆண்டு எந்த நகை எந்தக் கடைக்குப் போயிற்று, மீண்டதா, மூழ்கிற்றா என்று கேளுங்கள். தாத்தாவின் பெட்டியிலே பழைய அடகுச்சீட்டும் கிஸ்தி ரசீதும் கிடந்தால் குப்பையென்று எறியாதீர்கள். எந்தக் காவியத்துக்கும் குறையாத ஓலை அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய முதியவரைக் கேளுங்கள், எந்த மாதத்தில் எந்தச் சரக்கு வந்தது, கூலி எவ்வளவு என்று. கோயம்பேட்டுக்கு 1996-இல் காய்கறி வாணிகம் பெயர்ந்தபோது, கொத்தவால் சாவடியில் சுமை தூக்கியவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரியுங்கள். சிலேட்டரின் மாணவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன் தம் ஊர்களில் செய்ததை, நீங்கள் உங்கள் தெருவில் செய்யலாம். குறிப்பேடு ஒன்றும் பென்சில் ஒன்றும் போதும்.

கேட்டு எழுதிக்கொண்டு வந்தபின், அடுத்த பண்டிகைச் சிறப்பிதழுக்குக் கதை எழுத உட்காருங்கள். மூட்டையின் எடையை எழுதுங்கள், விலையை எழுதுங்கள், வட்டியை எழுதுங்கள், வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தவனின் பெயரையும் எழுதுங்கள். அவ்வளவும் எழுதியபின் மாட்டின் கழுத்து மணியும் குலுங்கட்டும். அந்த ஓசையை நாமும் மகிழ்ந்து கேட்போம்.